கூத்தாட்டவையும் கையடக்கத் திரையும்: மட்டக்களப்புக் கூத்தும் டிஜிற்றல் பதிவும் பற்றிய ஒரு நோக்கு

நிலையாமையை உணர்த்தப் புகுந்த வள்ளுவர், பெருஞ்செல்வத்தின் வரவுக்கும் போக்குக்கும் உவமை தேடியபோது கூத்தையோ கூத்தனையோ சுட்டவில்லை. கூத்தாட்டவையிற் கூடிய மக்கட் குழாத்தையே சுட்டினார். ஆடல் காண்பதற்குப் பலரும் பல வழிகளால் வந்து சேர்கின்றனர். ஆடல் முடிந்ததும் ஒருங்கே கலைகின்றனர். உரைகாரர் இவ்வுவமையைச் செல்வத்தின் இயல்பை விளக்குவதற்கே பயன்படுத்தினர். அரங்கக் கலையை ஆராய்பவன் அதனை மறுதலையாகவும் படிக்கலாம். கூத்திலே கலைந்துபோவது எது என்னும் வினாவுக்கு அங்கு ஒரு விடை இருக்கின்றது. கலைந்துபோவது அவை.

இவ்விடையை மனத்திற் கொண்டு இன்றைய விவாதம் ஒன்றை அணுகுதல் பயனுடையது. ஆற்றுகைக் கலைகளுக்கும் பதிவுச் சாதனங்களுக்கும் இடையிலுள்ள உறவு பற்றி மேனாட்டு அரங்கியலாளர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். 1993இல் வெளிவந்த தமது நூலிற் பெகி ஃபெலன், ஆற்றுகை நிகழும் கணத்தில் மட்டுமே உயிர்வாழ்வது. அதனைப் பதிந்து வைத்தால் அது வேறொன்றாகி விடுகின்றது என்றார். 1999இல் பிலிப் ஒஸ்லாண்டர் இக்கருத்தை எதிர்த்தார். பதிவுச் சாதனங்கள் தோன்றிய பின்னரே 'நேரடி' என்னும் எண்ணக்கரு தோன்றிற்று. பதிவே இல்லாத உலகில் எல்லாம் நேரடியாதலின் அச்சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை என்பது அவர் வாதம். சொல்வரலாற்றளவில் ஒஸ்லாண்டரின் கூற்று நமக்கும் பொருந்துகின்றது. மட்டக்களப்புக் கிராமத்தவருக்குக் கூத்து ஆடப்படுவது, அவ்வளவே. அதனை 'நேரடிக் கூத்து' எனச் சிறப்பித்துரைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு எழவில்லை. வானொலி வந்த பின்னரே 'நேரடி அஞ்சல்' என்னும் தொடர் நம் செவிக்குப் பழக்கமாயிற்று. 'நேரலை' அதற்கும் பிந்தியது.

ஆயினும் இவ்விருவர் வாதமும் பெரும்பாலும் மேனாட்டு நகர அரங்கையும், அங்கு தனித்தனியே வந்தமரும் பார்வையாளரையும் மனங்கொண்டு எழுந்தவை. ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே அரங்கேற்றத்துக்கு முன்னரும் பின்னரும் உறவு நீடிக்கும் ஒரு கலைக்கு அவ்வாதங்களை அப்படியே பொருத்த இயலாது. ஈண்டு மட்டக்களப்புக் கூத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஓரிரவில் நிகழ்ந்து முடிவன அல்ல. ஊரவர் கூடிக் கூத்தொன்றைத் தெரிந்து, அண்ணாவியாரை அழைத்து, எப்பாத்திரத்துக்கு எவர் பொருத்தமானவர் எனத் தீர்மானித்து, அவரவர்க்குரிய பாட்டுக்களைக் கையளிப்பது 'சட்டம் கொடுத்தல்' எனப்படும். அதன்பின் பல மாதம் இரவிலே பழக்கம் நடைபெறும். ஆட்டம் ஓரளவு கைவந்ததும் சதங்கை அணிதல். பின்னர் முழுக் கூத்தையும் ஒழுங்குபட ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதன்பின் வட்டக்களரியில் விடியும்வரை அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய தமது ஆய்விலே இப்படிமுறைகளை விரித்துரைத்துள்ளார். இத்துணை நீண்ட தொடரிலே கமெரா வந்து நிற்பது பெரும்பாலும் ஒரேயோர் இரவில், அரங்கேற்றத்தன்று மட்டுமே.

அன்று களரியைச் சூழ்ந்திருப்போர் கூத்துக்குப் புதியவர் அல்லர். பழக்கக் காலத்தில் வந்து வந்து பார்த்தவர், முன்னொருகால் அதே பாத்திரத்தை ஆடியவர், ஆடுவோனின் தாய், மாமன், மச்சான் ஆகியோரே அவ்வவையின் பெரும்பகுதியினர். பாட்டு அவர்களுக்குத் தெரியும். வரவிலே இன்னின்ன ஆட்டம் உண்டென்பதும் தெரியும். ஒருவன் தாளம் தப்பினால் அது அக்கணமே உணரப்படும். அடுத்த நாட் காலையில் ஊர்க்கிணற்றடியிலும் பேசப்படும். நன்கு ஆடியவனுக்குக் களரியிலேயே சால்வை போர்த்துவர். ஆதலின் கூத்தின் அவையை வெறும் பார்வையாளர் கூட்டமெனல் தவறு. அது தீர்ப்புக் கூறும் உரிமை பெற்ற சபை. பதிவு ஆடுவோனைக் காத்துத் தருகின்றது, இச்சபையை விட்டுவிடுகின்றது. ஃபெலன் கூறியவாறு ஆற்றுகை மறைந்துவிடுகின்றதா, ஒஸ்லாண்டர் கூறியவாறு மறைவதில்லையா என்று கேட்பதிலும், ஆற்றுகையைத் திருத்தும் உரிமை உடையோர் எங்குச் சென்றனர் என்று கேட்பதே நமக்குப் பொருத்தமானதாகத் தோன்றுகின்றது.

களரியின் அமைப்பை நோக்கினும் இது புலனாகும். வட்டக்களரிக்கு முன்புறம் என ஒன்றில்லை. நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார்; தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரருகே நிற்பர்; ஆடுவோர் அவர்களைச் சூழ வட்டமாக ஆடி வருவர்; மக்கள் நாற்புறமும் இருப்பர். கமெராவுக்கோ முன்புறம் ஒன்று வேண்டும். ஒரு பக்கத்தில் நிறுத்திய கமெரா ஆடுவோனின் முதுகையே பாதி நேரம் காண்கின்றது. படம்பிடிக்கப்படுவதை அறிந்த இளைஞன் கமெரா நிற்கும் பக்கம் வந்ததும் சற்றுத் தரித்து ஆடுகின்றான்; ஏனைய பக்கங்களை விரைந்து கடக்கின்றான். வட்டத்துக்கு ஒரு மூலை உண்டாகிவிடுகின்றது. எதிர்ப்புறத்தில் பாய் விரித்திருக்கும் முதியவள் அவ்விரவில் அரைக் கூத்தே காண்கின்றாள்.

ஒலியின் நிலை இதனினும் நுட்பமானது. இன்று களரிகளில் உயர்ந்து நிற்பவை கையடக்கத் தொலைபேசிகளே. அவற்றிலுள்ள ஒலிவாங்கி பேச்சைப் பதிவதற்கு ஏற்றதாக அமைந்தது. பேரொலி எழுந்ததும் தன் ஏற்பளவைத் தானே தாழ்த்திக் கொள்ளும். எனவே மத்தள அடி ஓங்குந்தோறும் சதங்கையொலி அமிழ்ந்து போகின்றது. ஆடுவோனின் கால் என்ன செய்கின்றது என்பதைத் தொலைவில், இருளில் இருப்போருக்கும் அறிவிப்பது அச்சதங்கையே. மத்தளத்தின் சொல்லும் சதங்கையின் ஒலியும் ஒத்து வருதலிலேயே ஆட்டத்தின் செம்மை தங்கியுள்ளது. கருவி மறைப்பதும் அவ்வொத்திசைவையே. தொலைபேசித் திரையில் ஒரு கூத்தைப் பார்த்து 'ஆட்டம் சரியில்லை' எனவோ 'நன்று' எனவோ கூறுவோர், தாம் எதனைக் கேட்கவில்லை என்பதை அறியாமலே கூறுகின்றனர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூத்தைச் சட்டத்துள் அடக்கும் முயற்சியைத் தொடக்கி வைத்தது டிஜிற்றல் சாதனம் அன்று. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள 'நாடகம' மரபினை அடியொற்றி 'மனமே'யை மேடையேற்றினார். அதன் வெற்றி தமிழ்க் கூத்தினையும் நவீன மேடைக்கு ஏற்பச் செப்பனிடலாம் என்னும் ஊக்கத்தை அளித்தது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) ஆகியவற்றைத் தயாரித்தமை ஈழத்து அரங்க வரலாற்றில் ஒரு திருப்பமாகும். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. களரியின் நடுவில் நின்ற அண்ணாவியாரும் பக்கப்பாட்டினரும் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர். நாற்புறமும் இருந்த அவை ஒரு புறமாயிற்று. அதே காலத்தில் அவர் அலங்காரரூபன் நாடகம் (1962), எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் (1964) முதலியவற்றைப் பதிப்பித்தார். ஏட்டிலும் கொப்பியிலும் கைமாறி வந்த பாடம் அச்சில் ஒரு வடிவம் பெற்றது. இப்பணி நிகழாதிருப்பின் கற்றோர் கூத்தினைப் பாமரர் பொழுதுபோக்கெனப் புறக்கணித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. இன்று பல்கலைக்கழகத்தில் அமர்ந்து கூத்தைப் பற்றி எழுதும் வாய்ப்பே அவர் வழங்கியது. ஆயினும் அவ்வாக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்திற் சி. ஜெயசங்கர் முதலியோர் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி, அவ்விலையை மீட்க எழுந்ததெனக் கொள்ளலாம். அவர்கள் கூத்தை ஊரிலிருந்து வெளியே கொணராமல், ஊரவரோடு பேசி, ஊரின் களரியிலேயே மாற்றங்களைச் செய்ய முயன்றனர்.

படச்சட்ட மேடையையும் கமெராவையும் ஒரே தட்டில் வைத்தலும் பொருந்தாது. மேடை இறுக்கமானது, ஆனால் மேடையில் ஒவ்வோர் இரவும் வேறோர் இரவு. இராவணேசனைப் பிற்காலத்தில் மௌனகுரு மீண்டும் மீண்டும் தயாரித்தபோது அது மாறிக்கொண்டே வந்தது. இளமையில் இராவணனாக ஆடியவர் முதுமையில் இராவணனை வேறாகக் கண்டார். பதிவு அவ்வாறு முதுமை அடைவதில்லை.

இங்குதான் பிரச்சினையின் கரு உள்ளது. கூத்துப் பழகும் மாணவர் சிலர், தொலைபேசியிற் பார்த்து ஒரு வரவாட்டத்தைப் பயின்றிருந்ததை அண்மையிற் காண நேர்ந்தது. பதிவில் இருந்தவர் வயது முதிர்ந்தவர், பேர்பெற்ற ஆட்டக்காரர். ஓரிடத்தில் அவர் சுற்றி ஆடி முடிக்காது, நின்ற நிலையிலே காலாற் தாளத்தை மட்டும் காட்டிவிட்டுப் பாட்டுக்குச் சென்றிருந்தார். மாணவர் அந்நிற்றலையும் ஒரு நுணுக்கம் எனக் கருதிப் பிசகின்றிப் பழகியிருந்தனர். அவர்களைப் பார்த்திருந்த அண்ணாவியார் சிரித்தார். "அது ஆட்டமில்ல மனே, அவருக்கு இளைப்பு வந்திட்டு" என்றார்.

அன்றிரவு களரியில் இருந்த அவைக்கு அது இளைப்பு என்று தெரியும். முதியவர் மேல் உள்ள மதிப்பினால் அதைப் பொறுத்துக்கொண்டது. ஆட்டத்தின் இலக்கணமாக ஏற்றுக்கொள்ளவில்லை. பதிவுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஏட்டுச்சுவடி மரபிலே படியெடுத்தவன் பிழை விடுவதுண்டு. அடுத்துப் படியெடுப்பவன் அதனைத் திருத்துவதுண்டு, மேலும் கெடுப்பதும் உண்டு. பாடபேதங்களைக் கண்டு பதிப்பாசிரியர் சலித்துக்கொள்வர். ஆயினும் பாடபேதம் மலிந்த நூல் பலராற் பயிலப்பட்ட நூல். டிஜிற்றற் படிக்குப் பாடபேதம் இல்லை. ஆயிரம் படி எடுப்பினும் அதே முதியவர், அதே இடத்தில், அதே இளைப்பு. கூத்தைக் கொல்லும் ஆற்றல் பதிவுக்கு உண்டென நாம் கூறவில்லை; ஓர் இரவை எல்லா இரவுக்கும் விதியாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அண்ணாவியார் பக்கத்தில் இருந்தமையால் அம்மாணவர் தப்பினர். அண்ணாவியார் இல்லாத ஊரில், இளைப்பே இலக்கணமாகும்.

அவையைப் போற்றுமிடத்து அதனை மிகைப்படக் கூறிவிடலும் ஆகாது. கலைவடிவத்தை அதன் சமூகத் தளத்தினின்றும் பிரித்துப் பார்த்தல் கூடாதென்பதைப் பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் நமக்கு உணர்த்திச் சென்றுள்ளனர். கூத்தவை ஊரின் அவை. ஊரில் நிலவிய ஏற்றத்தாழ்வுகள் அனைத்தும் அதனுள்ளும் நிலவின. எவர் ஆடலாம், எவர் எங்கு நின்று பார்க்கலாம், எவர் வாசலில் ஆடலாம் என்பவற்றைச் சாதி வரையறுத்தது. பெண்கள் களரியேறவில்லை, ஆடவரே பெண் வேடம் பூண்டனர். தீர்ப்புக் கூறும் சபை விலக்கி வைக்கும் சபையாகவும் இருந்தது. 1936இல் முதன்முதலாக வெளியான தமது கட்டுரையில் வால்ற்றர் பெஞ்சமின், இயந்திரப் படியாக்கம் கலையைச் சடங்கின் பிடியினின்றும் விடுவிக்கும் என எதிர்பார்த்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. அந்த எதிர்பார்ப்பில் உண்மை உண்டு. சட்டம் கொடுக்கும் நாளில் அழைக்கப்படாத வீட்டுப் பிள்ளையும், பெண் என்பதால் களரிக்கு வெளியே நின்றவளும் இன்று தாளக்கட்டுக்களைத் திரையிற் பார்த்துப் பழகலாம். இதனைச் சிறுமைப்படுத்துவோர் விலக்கப்பட்டோரின் பக்கம் நின்று ஒருகாலும் சிந்தியாதவர்.

எனினும் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. மௌனகுருவின் 'சங்காரம்' (1969) சமூக அசுரர்களின் அழிவை வடமோடி ஆட்டங்களிற் பாடியது. மாவிட்டபுரத்தில் 1968இல் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியிற் பிறந்த என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தான் கூத்துப் பாணியில் மேடையேறியது. சாதியத்தைக் காத்து நின்ற வடிவமே சாதியத்துக்கு எதிராகத் திருப்பப்பட்டது. வடிவம் எவரது கையிலும் முடிந்த முடிபாக இருக்காமையாலேயே அது இயன்றது. பழைய கூத்தைப் பார்த்துப் போலச் செய்வதனாலன்றி, அதன் மேல் உரிமை கொண்டாடி அதனை மாற்றியமையாலேயே அவர்கள் அவையைத் தமதாக்கினர். திரையிற் பார்த்துப் பழகும் இன்றைய பிள்ளைக்குப் பயிற்சி கிடைக்கின்றது. அவ்வுரிமை கிடைக்கின்றதா என்பது விடைகாண வேண்டிய வினா.

பதிவின் பக்கம் நின்று கூறத்தக்கவற்றுள் வலியது இழப்புப் பற்றியது. போர்க்காலத்தில், சிறப்பாக 1990க்குப் பின், கிழக்கில் ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. 2004 டிசெம்பர் 26இல் கடல் கரையோரக் கிராமங்களை அழித்தது. வடக்கிலே 2009இல் வன்னி மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். இத்தகைய இடப்பெயர்வுகளில் ஏடும் கொப்பியும் மத்தளமும் எடுத்துச்செல்லத்தக்க பொருள்களாக எவருக்கும் தோன்றியிரா. ஏடுகள் செல்லுக்கு இரையாதல் கண்டு வருந்திக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் மரபில் வந்த நாம், 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் போன்ற எண்ணிம ஆவண முயற்சிகளை ஐயத்தோடு நோக்குதல் நன்றி மறந்த செயலாகும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குக் கூத்து என்றால் யூடியூபில் உள்ளதே கூத்து. 2020இல் பெருந்தொற்றினால் ஊரடங்கிக் கிடந்தபோது கோயில் திருவிழாவையும் திரையிலேதான் தரிசித்தோம். இல்லாமையினும் இருத்தல் நன்று.

ஆனால் இருப்பது எது என்பதைத் தெளிதல் வேண்டும். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டுப் பொருவுரு அல்லாப் பண்பாட்டு மரபுரிமை பற்றிய சமவாயம், பாதுகாத்தல் என்பதனுள் ஆவணப்படுத்தலை ஒரு கூறாகவே கொள்கின்றது. கையளித்தலும் புத்துயிரளித்தலும் அதனோடு சேர்த்தே கூறப்பட்டுள்ளன. நம்மிடையே ஆவணப்படுத்தல் ஒன்றே பாதுகாத்தல் என்னும் எண்ணம் வேரூன்றி வருகின்றது. விழாவொன்றில் அரைமணி நேரக் கூத்து ஆடப்படுகின்றது, மூன்று கமெராக்கள் அதைப் பிடிக்கின்றன, இணையத்தில் ஏற்றப்படுகின்றது, பணி முடிந்ததென எல்லோரும் வீடு செல்கின்றனர். ஆடியவர் பெயர், அண்ணாவியார் பெயர், எவ்வூர்ப் பாடம், எம்மோடி என்பனகூடப் பல பதிவுகளிற் காணப்படுவதில்லை. கல்வெட்டைப் படியெடுத்து ஊர்ப்பெயரைக் குறிக்காது விட்ட ஆய்வாளனை எவரும் மன்னிப்பதில்லை. கூத்துப் பதிவாளன் மட்டும் மன்னிக்கப்படுகின்றான்.

பதிவு செய்யப்பட வேண்டியது அரங்கேற்ற இரவு மட்டும் அன்று. ஒரே கூத்து வெவ்வேறு ஊர்களில் ஆடப்படுவதும், ஒரே ஊரில் ஒரே வரவு வெவ்வேறு ஆட்டக்காரரால் ஆடப்படுவதும் அருகருகே வைத்துப் பதியப்பட்டால், டிஜிற்றற் சேமிப்பிலும் பாடபேதம் இடம்பெறும். மாணவன் ஒன்றை விதியென மயங்கான். அதனினும் முக்கியமானது பழக்கக் காலம். சட்டம் கொடுக்குமிடத்து எழும் சச்சரவு, அண்ணாவியார் தடியாற் தாளம் தட்டிக் காலைத் திருத்துவது, அடுக்குப் பார்க்கும் நாளில் முன்னாள் ஆட்டக்காரர் எழுந்து "எங்கட காலத்தில இப்பிடி இல்ல" என்று தாமே ஆடிக்காட்டுவது ஆகியவற்றிலேயே அவை தன் குரலில் பேசுகின்றது. இவற்றைப் பதிதல் எளிதன்று. பல மாதம் ஊரிலே தங்க வேண்டும். ஊரவர் சம்மதம் வேண்டும். திருத்தப்படுபவனின் கூச்சத்தை மதிக்க வேண்டும். எடுத்த பதிவை முதலில் அவ்வூரிலேயே போட்டுக்காட்டி, எது வெளியே செல்லலாம் எது செல்லலாகாது என அவர்கள் கூறக் கேட்க வேண்டும். அவ்வாறு போட்டுக்காட்டும் இரவில் அண்ணாவியார் திரையை நிறுத்தச் சொல்லி இடையிடையே கூறுபவற்றையும் பதிந்துகொள்ளுதல் நன்று. இறுதியாண்டு ஆய்வுக்கென மூன்று நாளில் ஊருக்குப் போய் மீளும் நம் போன்ற மாணவருக்கு அது இயலாது. ஒரு துறை, ஓர் ஊரோடு ஐந்தாறு ஆண்டு உறவு பூண்டு, ஓராண்டு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு மாணவர் தொடர்வதாயின் இயலும். அண்ணாவிமாரிற் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர்.